நலிந்த குடும்பத் தொழிலை ஏற்று நடத்த வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொங்குப் பகுதியில் சிறு வியாபாரிகளுக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். "அப்பாவின் கடையை நான் எடுத்து நடத்தப் போகிறேன்" என்று வந்து அமரும் மகன்களும் மகள்களும் ஏறக்குறைய ஒரே வரிசையில் ஒரே சந்தேகங்களைக் கேட்பதால், அவற்றைத் தொகுத்து எழுதி வைத்தேன். தனிநபர் பெயரிலோ கூட்டு வியாபாரமாகவோ தமிழ்நாட்டில் நடக்கும் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, ஹார்டுவேர் கடை, தறிக்கூடம், பட்டறை போன்றவற்றுக்கே இந்தப் பதில்கள் பொருந்தும். சொத்து தொடர்பாக ஏற்கெனவே வழக்கு நடந்தால், பத்திரங்களை வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே எதையும் செய்ய வேண்டும்.

கடை நஷ்டத்தில் ஓடுகிறதா, வெறும் பணமுடைதானா என்று எனக்கே புரியவில்லை. எப்படித் தெரிந்துகொள்வது?

வருமான வரிக்காகத் தாக்கல் செய்த கணக்கை மட்டும் நம்பாமல், ஏதேனும் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அந்த நாளின் ஐந்தொகையை, அதாவது கையில் இருப்பதையும் தர வேண்டியதையும் எதிரெதிரே காட்டும் கணக்கை, நீங்களே எழுதுங்கள். சரக்கை எண்ணி வாங்கிய விலையில் மதிப்பிட்டு, வசூலாக வேண்டிய பாக்கியில் உண்மையிலேயே வரக்கூடியதை மட்டும் சேர்த்து, வங்கிக் கடன், மொத்த வியாபாரிக்குத் தர வேண்டியது, கைமாற்று, சீட்டுப் பணம், நகைக் கடன் ஆகிய அனைத்தையும் எதிர்ப்பக்கம் எழுத வேண்டும். பேரேட்டில் ஏறாத கைமாற்றுதான் பெரும்பாலும் கடைசியில் வெளிவரும். அம்மாவிடம் கேட்டால் அப்பாவைவிடத் தெளிவாகச் சொல்வார்.

அதன் பிறகு மாத வரவு செலவைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, மாதம் 8 லட்ச ரூபாய் விற்பனையில் நூற்றுக்கு 15 ரூபாய் நிற்கிறது என்றால் 1,20,000 ரூபாய் கிடைக்கிறது. அதில் சம்பளம் 45,000, மின்சாரமும் வண்டி வாடகையும் 15,000, வட்டி 30,000 போக 30,000 ரூபாய் மிஞ்சுவதால் கடை லாபத்தில் இருப்பதாகவே தோன்றும். ஆனால் சொந்தக் கட்டடத்தை வெளியாருக்கு விட்டால் 25,000 ரூபாய் வாடகை வரும் என்பதையும், உங்கள் உழைப்புக்கு வெளியே 25,000 ரூபாயாவது சம்பளம் கிடைக்கும் என்பதையும் சேர்த்தால் மாதம் 20,000 ரூபாய் நஷ்டம். வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து 50,000 ரூபாய் எடுக்கப்பட்டு வந்தால், பற்றாக்குறையான அதே 20,000 ரூபாய் ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவருக்குத் தர வேண்டிய பாக்கியாக ஏறிக்கொண்டிருக்கும்.

குடும்பத் தொழில்கள் பல, விற்பனை குறைந்ததால் மட்டும் நலிவதில்லை. வீட்டுப் பணமும் கடைப் பணமும் ஒரே பெட்டியில் கிடப்பதால், நஷ்டம் தொடங்கிய மாதம் எவர் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது என்பதே நான் கண்டது. ஆகவே வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை நிர்ணயித்து, அதை ஒரே தேதியில் வீட்டுக் கணக்குக்கு மாற்றுவதை முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டும்.

அப்பா காலமாகிவிட்டார். அவர் வாங்கிய கடன் முழுவதும் என் தலையில் விழுமா?

பொதுவான விதி, அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து உங்களுக்குக் கிடைத்த அளவுக்குத்தான் நீங்கள் பொறுப்பு என்பதாகும். தகப்பன் கடனை மகன் அடைத்தே தீர வேண்டும் என்ற பழைய இந்துச் சட்டக் கடமையும், 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வாங்கிய கடன்களுக்குச் செல்லாது. ஆனால் கடன் பத்திரத்தில் நீங்கள் ஜாமீன்தாரராகவோ இணைக் கடனாளியாகவோ கையெழுத்திட்டிருந்தால் கதை வேறு. அப்போது உங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்தும் வசூலிக்கலாம். வங்கிக்குப் போய், எந்தெந்தத் தாளில் யார் யார் கையெழுத்து இருக்கிறது என்பதன் நகல்களைக் கேட்டு வாங்குங்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு கண்ணி ஜி.எஸ்.டி. சட்டத்தின் 93ஆம் பிரிவில் உள்ளது. உரிமையாளர் இறந்த பின் தொழில் நிறுத்தப்பட்டால், அவருடைய வரிப் பாக்கிக்கு வாரிசு சொத்தின் அளவுக்கே பொறுப்பு. தொழிலை வாரிசு தொடர்ந்து நடத்தினால் வரி, வட்டி, அபராதம் அனைத்துக்கும் அவரே பொறுப்பாகிறார். ஆகவே கடையை மறுபடி திறப்பதற்கு முன்னரே, தாக்கல் செய்யாத படிவங்கள் எத்தனை, நோட்டீஸ் ஏதேனும் நிலுவையில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிட வேண்டும்.

அப்பாவின் ஜி.எஸ்.டி. எண்ணிலேயே தொடர்ந்து பில் போடலாமா? கடைப் பெயர் அதேதானே?

போடக் கூடாது. தனிநபர் தொழிலில் பதிவு எண் உரிமையாளரின் பான் எண்ணோடு பிணைந்தது. கடைப் பெயர் மாறாவிட்டாலும் உரிமையாளர் மாறிவிட்டார். நீங்கள் உங்கள் பான் எண்ணில் புதுப் பதிவு பெற்று, அப்பாவின் கணக்கில் மிஞ்சியிருக்கும் உள்ளீட்டு வரி வரவை (சரக்கு வாங்கும்போது கட்டிய வரியில் இன்னும் கழித்துக்கொள்ளாததை) ஐ.டி.சி.-02 படிவத்தின் வழியே உங்கள் கணக்குக்கு மாற்றி, அதன் பின் பழைய பதிவை ரத்து செய்ய விண்ணப்பிக்க வேண்டும். வரிசை மாறி முதலில் ரத்து செய்துவிட்டால் அந்த வரவை மீட்பது பெரும்பாடு. அப்பா உயிரோடிருந்து தொழிலை உங்கள் பெயருக்கு மாற்றினாலும் இதே வழிதான்.

வங்கி நடப்புக் கணக்கும் அப்படியே. அப்பா கொடுத்த பவர் பத்திரம் அவர் இறந்த கணமே செயலிழந்துவிடும். அவர் கையெழுத்திட்டு வைத்த காசோலைகளைப் பயன்படுத்தச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

கடையைப் பார்த்துக்கொள்வது நான் ஒருவன்தான். அக்காவுக்கும் தம்பிக்கும் அதில் பங்கு உண்டா?

உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் அவருடைய தாய் ஆகிய அனைவருக்கும் சம பங்கு உண்டு. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் பங்கீட்டு விதி வேறு. பூர்வீகச் சொத்தாக இருந்தாலும் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு என்பதைத் தமிழ்நாடு 1989ஆம் ஆண்டிலேயே, அதுவரை திருமணமாகாத பெண்களுக்காகச் சட்டமாக்கியது. 2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் அந்த வரம்பை நீக்கியது. "கல்யாணத்தில் நகை போட்டாயிற்று" என்பது சட்டத்தின் முன் எடுபடாது.

உழைப்பதற்குச் சம்பளம், உரிமைக்குப் பங்கு என்று இரண்டையும் பிரித்துக்கொள்வதே நல்லது. கடையின் இன்றைய நிகர மதிப்பை முதல் பதிலில் சொன்ன ஐந்தொகையின்படி எழுதி, மற்ற வாரிசுகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிறார்களா, பங்குதாரர்களாக நீடிக்கிறார்களா, தவணையில் தொகை பெறுகிறார்களா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். நிலமும் கட்டடமும் இருந்தால் விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினைப் பத்திரமோ பதிவு செய்யப்பட வேண்டும், வாய்ப்பேச்சு போதாது. கடை நஷ்டத்தில் இருக்கும்போது எவரும் பங்கு கேட்பதில்லை என்பதால் பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். ஐந்தாறு ஆண்டு உழைத்துக் கடையை நிமிர்த்திய பிறகு பங்கு கேட்டு வருபவரிடம், எந்த மதிப்பு அப்பா விட்டுச்சென்றது, எது நீங்கள் சேர்த்தது என்று நிரூபிக்க உங்களிடம் ஒரு தாளும் இருக்காது.

எங்களுடையது கூட்டு வியாபாரம். சித்தப்பாவும் பங்குதாரர். எதற்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

முதலில் பங்குதாரர் ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின்படி ஒரு பங்குதாரர் இறந்ததும் கூட்டு கலைந்துவிடுகிறது. அப்பாவும் சித்தப்பாவும் இருவர் மட்டுமே பங்குதாரர்களாக இருந்திருந்தால், அந்த இடத்தில் நீங்கள் தானாகவே பங்குதாரராகிவிட முடியாது. புது ஒப்பந்தம் வேண்டும். சித்தப்பா கணக்குத் தீர்க்காமல் அதே மூலதனத்தை வைத்துத் தொழிலைத் தொடர்ந்தால், அப்பாவின் பங்குக்குரிய லாபத்தையோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ வாரிசுகள் கேட்கலாம் என்று 37ஆம் பிரிவு சொல்கிறது. கூட்டு பதிவு செய்யப்பட்டதா என்பதையும் பாருங்கள். பதிவு செய்யப்படாத கூட்டு, தனக்கு வர வேண்டிய பாக்கிக்காக வெளியார் மீது வழக்குத் தொடர முடியாது.

சட்டத்தைச் சித்தப்பாவின் முகத்தில் வீசச் சொல்லி இதை எழுதவில்லை. அவருடைய தயக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் தன் வீடு ஜாமீனில் இருப்பதாகவே இருக்கும். "சித்தப்பா, உங்கள் வீட்டுப் பத்திரத்தை முதலில் விடுவிப்போம்" என்று தொடங்கும் பேச்சு, "இனி எல்லாம் என் பொறுப்பு" என்று தொடங்கும் பேச்சைவிட வெகுதூரம் செல்லும்.

அப்பா பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டதாக எல்லோரிடமும் சொல்கிறார். ஆனால் கல்லாவில் அவர்தான் உட்காருகிறார். இதை எப்படிச் சமாளிப்பது?

இந்தக் கேள்வி வராத மாதம் கிடையாது. பொறுப்பை மொத்தமாகக் கேட்டால் அவர் மொத்தமாகவே மறுப்பார் என்பதால், அதிகாரத்தைத் துண்டு துண்டாகக் கேளுங்கள். சரக்கு வாங்குவதற்கு உத்தரவிடுவது, கடன் கொடுப்பது, காசோலையில் கையெழுத்திடுவது, விலையில் தள்ளுபடி தருவது ஆகிய நான்கில், பணமுடை உள்ள கடைக்கு முதலில் கைமாற வேண்டியது கடன் கொடுக்கும் அதிகாரம். "பையனிடம் கேளுங்கள், எனக்குத் தெரியாது" என்று பழைய வாடிக்கையாளரிடம் அப்பா சொல்லத் தொடங்கினால், உறவும் கெடாது, சரக்கும் பாக்கியில் போகாது. இந்தப் பழியை உங்கள் மேல் போட்டுக்கொள்ள அவருக்கும் வசதியாக இருக்கும்.

அவரிடமிருந்து பெற வேண்டியதும் நிறைய இருக்கிறது. எந்த வாடிக்கையாளர் அறுவடை முடிந்ததும் தருவார், எந்த மொத்த வியாபாரி ஒரு மாதம் பொறுப்பார், எந்தச் சரக்கு ஆடியில் போகும், எது தை பிறந்தால்தான் போகும் என்பதெல்லாம் எந்தப் பேரேட்டிலும் இல்லை. மாலையில் அவரோடு உட்கார்ந்து பாக்கிப் பட்டியலை ஒவ்வொரு பெயராகப் படித்து, அவர் சொல்வதைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு கேட்டு விசாரிப்பதாக அவருக்குத் தோன்றிவிடக் கூடாது. கடை நலிந்ததை அவமானமாக நினைத்துச் சில கைமாற்றுகளை மறைத்து வைத்திருக்கலாம். குற்றம் சாட்டும் குரல் கேட்டால் அவை வெளியே வராது.

பத்துப் பேருக்குப் பணம் தர வேண்டும். முதலில் யாருக்குக் கொடுப்பது?

சத்தமாகக் கேட்பவருக்கு முதலில் கொடுப்பதுதான் எல்லோரும் செய்வது. கடை மேலும் நலிவதும் அதனால்தான். ஊழியர் சம்பளமும், அவர்களிடம் பிடித்த பி.எஃப். தொகையும் முதலில். அடுத்து ஜி.எஸ்.டி.: வாடிக்கையாளரிடம் வசூலித்த வரியைச் சரக்கு வாங்கச் செலவழித்துவிட்டால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி ஏறுவதோடு, பதிவு ரத்தாகும் அபாயமும் உண்டு. மூன்றாவதாக, எவருடைய சரக்கு நின்றால் கடையே நின்றுவிடுமோ அந்த ஓரிரு மொத்த வியாபாரிகள். வீடோ கட்டடமோ அடமானத்தில் உள்ள வங்கிக் கடனின் தவணை இவற்றோடு சேர்ந்தே ஓட வேண்டும்.

தனியாரிடம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால் அது ஆண்டுக்கு 36 சதவீதம். நூற்றுக்கு 15 ரூபாய் நிற்கும் வியாபாரம் அந்த வட்டியைத் தாங்காது. வீட்டில் உபயோகப்படாத மனையோ நகையோ இருந்தால் அதை விற்று இந்தக் கடனை மூடுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் வீட்டுக்கு ஒதுக்கிய தொகையை முதலில் நிர்ணயிக்காமல் மனையை விற்றால், இரண்டாண்டில் அதே கடன் மறுபடி வந்து நிற்கும். தினவட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று மிரட்டி வசூலிப்பவர்கள்மீது தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தின்படி காவல் நிலையத்தில் புகார் தரலாம். உறவினர் கொடுத்த வட்டியில்லாக் கைமாற்றைக் கடைசியில் வைக்கலாம். அதை அவர்களிடம் நேரில் சொல்லிவிட்டே வைக்க வேண்டும்.

வங்கியில் போய்க் கஷ்டத்தைச் சொன்னால் இருக்கிற கடனையும் நிறுத்திவிட மாட்டார்களா?

சொல்லாமல் இருந்தாலும் அவர்களுடைய கணினி சொல்லிவிடும். தவணை தவறிய நாளிலிருந்து 30, 60, 90 நாள் என்று கணக்கு மூன்று எச்சரிக்கைப் படிகளைக் கடக்கிறது. 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன் ஆகிறது. வாராக்கடன் ஆன பிறகு மேலாளர் நல்லவராக இருந்தாலும் அவர் கை கட்டப்பட்டிருக்கும். அதற்கு முன்பே போனால், 25 கோடி ரூபாய் வரை கடன் உள்ள குறு, சிறு, நடுத்தரத் தொழில்களைச் சீரமைக்க ரிசர்வ் வங்கி 2016ஆம் ஆண்டில் வகுத்த நடைமுறையின் கீழ், தவணைக் காலத்தை நீட்டவோ மாற்றியமைக்கவோ விண்ணப்பிக்கலாம். முதல் பதிலில் சொன்ன ஐந்தொகையையும், அடுத்த 12 மாத வரவு செலவு மதிப்பீட்டையும் கையில் கொண்டுபோங்கள். "நிலைமை சரியில்லை சார்" என்ற வெறும் பேச்சுக்குக் கோப்பில் இடமில்லை.

அடமானச் சொத்தை வங்கி நேரடியாகக் கைப்பற்ற வழிசெய்யும் சர்பேசி சட்டத்தின்படி நோட்டீஸ் வந்துவிட்டால், கடனைச் செலுத்த 60 நாள் அவகாசம் உண்டு. அந்தக் காலத்துக்குள் எழுத்துமூலம் ஆட்சேபணை அனுப்பினால் வங்கி 15 நாளில் பதில் தந்தாக வேண்டும். நோட்டீசை வாங்காமல் திருப்பி அனுப்புவதால் அந்த நாட்கள்தான் வீணாகும்.

தேங்கிக் கிடக்கும் பழைய சரக்கை வாங்கிய விலைக்குக் கீழே விற்கலாமா? மனசு வரவில்லை.

விற்கலாம், பெரும்பாலும் விற்கத்தான் வேண்டும். நான்காண்டாக அலமாரியில் இருக்கும் சேலைக்கு வங்கி வட்டி ஏறிக்கொண்டே இருக்கிறது. சரக்கைக் கொடுத்த நிறுவனமே திரும்ப எடுத்துக்கொள்ளுமா என்று முதலில் கேளுங்கள். பாக்கியில் கழித்துக்கொண்டால் அதுவும் லாபம். வாங்கிய விலைக்குக் கீழே விற்றாலும், வாங்கும்போது எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை. ஆனால் விற்காமல் கணக்கிலிருந்து கழித்துவிட்டாலோ, அழித்தாலோ, இலவசமாகக் கொடுத்தாலோ அந்த வரவைத் திருப்ப வேண்டும். பாதி விலைக்கு விற்பதற்கும் குப்பையில் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் விலையோடு முடிவதில்லை.

பாக்கி வர வேண்டியது பல லட்சம். பழகியவர்களிடம் எப்படிக் கேட்பது, கேட்டும் தராவிட்டால்?

கேட்காமல் விட்டால் பாக்கி மூன்றாண்டில் காலாவதியாகிவிடும். அதற்குள் "இவ்வளவு தர வேண்டியுள்ளது" என்று எழுத்தில் ஒப்புதல் வாங்கினாலோ, ஒரு பகுதியைக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ பெற்றாலோ காலம் புதிதாகத் தொடங்கும். தொழில் கைமாறுவது இதற்கு நல்ல சாக்கு: "புதுக் கணக்கு எழுதுகிறோம், பாக்கித் தொகையை உறுதிசெய்து கையெழுத்திட்டுத் தாருங்கள்" என்று எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் அனுப்பினால் எவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நீங்கள் உற்பத்தி செய்பவராகவோ ஜாப்வொர்க் (பிறர் சரக்கில் கூலிக்கு வேலை) செய்பவராகவோ இருந்து, குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவும் இருந்தால், வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்டு அரசின் வசதியாக்கக் குழுவில் மனு செய்யலாம். சாயப்பட்டறை, தையற்கூடம் நடத்துவோர் பெரிய வாடிக்கையாளரைப் பகைக்க அஞ்சி இதைப் பயன்படுத்துவதில்லை. எனினும், குறு, சிறு உற்பத்தியாளருக்குக் காலத்தில் தராத தொகையைச் செலவாகக் காட்ட முடியாது என்ற வருமான வரி விதி வந்த பிறகு, மார்ச் மாதம் நெருங்கும்போது நினைவூட்டினாலே பணம் வருகிறது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு வங்கிக் கடனுக்கு மட்டுமே பயன்படும். இந்த 45 நாள் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது.

முப்பது வருடமாக இருக்கும் ஊழியர்களை நிறுத்தினால் செலவு குறையுமே?

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பணிக்கொடை உண்டு. மாதம் 18,000 ரூபாய் சம்பளத்தில் 30 ஆண்டு இருந்தவருக்கு, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்று 26ஆல் வகுத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 3,11,500 ரூபாய் வரும். பணமுடையில் இருக்கும் கடையால் அதை ஒரே தடவையில் தர இயலாது. உரிமையாளர் மாறினாலும் பழைய பி.எஃப். பாக்கி புதியவரைத் தொடரும். தவிர, வாடிக்கையாளர் பெயர் சொல்லிக் கேட்டு வருவது பல கடைகளில் அந்தப் பழைய ஊழியரைத்தான். வேலையே செய்யாமல் சம்பளப் பட்டியலில் இருக்கும் சொந்தக்காரரிடமிருந்து தொடங்குவதே நியாயம்.

கடையைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றிவிட்டால் பழைய கடனிலிருந்து தப்பலாம் என்கிறார்களே?

தப்ப முடியாது. கடனோடுதான் தொழில் கம்பெனிக்குப் போகும். வங்கி உங்கள் சொந்த ஜாமீனைக் கேட்காமல் சம்மதிக்காது. சொத்தை மட்டும் மாற்றிக் கடன்காரரை வெளியே நிறுத்தினால் அந்த மாற்றத்தையே நீதிமன்றம் செல்லாததாக்கலாம். தொழில் நிமிர்ந்த பிறகு மாற்றுவதற்குக் காரணங்கள் உண்டு. நலிந்திருக்கும்போது கூடுதல் தணிக்கைச் செலவுதான் மிச்சம்.

இப்படி விழுந்த குடும்பத் தொழிலைப் பிள்ளைகள் மீட்டது உண்மையிலேயே எங்காவது நடந்திருக்கிறதா?

நம் திருவொற்றியூரிலேயே நடந்தது. 1955ஆம் ஆண்டு முதல் சென்னையில் புல்லட் தயாரித்துவந்த என்ஃபீல்டு, 1994இல் விக்ரம் லால் குடும்பத்தின் ஐஷர் குழுமத்தோடு இணைந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் மோட்டார் சைக்கிள் பிரிவை மூடுவதா விற்பதா என்ற பேச்சு நடந்தபோது, மகன் சித்தார்த்த லால் 26 வயதில் அதன் பொறுப்பைக் கேட்டு வாங்கினார். ஜெய்ப்பூர் அருகே இருந்த ஆலையை மூடினார்; முகவர்களுக்குக் கொடுத்துவந்த தள்ளுபடியை நிறுத்தினார். பிறகு குழுமத்தின் தலைமைக்கு வந்ததும் பதினைந்து தொழில்களில் பதின்மூன்றை விற்றோ மூடியோ, லாரியையும் மோட்டார் சைக்கிளையும் மட்டும் வைத்துக்கொண்டார். 2005இல் டிராக்டர் பிரிவை வாங்கியதும் ஒரு சென்னை நிறுவனமான டாஃபேதான். 2014ஆம் ஆண்டில் ராயல் என்ஃபீல்டின் விற்பனை மூன்று லட்சத்தைத் தாண்டியது.

அவருக்குப் பின்னால் இருந்த மூலதனம் நம்மிடம் இல்லை என்பது சரி. ஆனால் குடும்பம் பெருமையாகக் கருதிய டிராக்டரை விற்று, எல்லோரும் சுமையாகக் கருதிய மோட்டார் சைக்கிளை வைத்துக்கொண்டதைக் கவனியுங்கள். மூன்று கிளை வைத்திருக்கும் பாத்திரக்கடைக்காரர், தாத்தா பெயரில் உள்ள கிளை என்பதற்காகவே நஷ்டமான ஒன்றைத் தாங்கிக்கொண்டிருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

எவ்வளவு முயன்றும் சரிவராவிட்டால் எப்போது மூடுவது? மூடினால் ஊரில் என்ன பேசுவார்கள்?

வாடகையையும் உங்கள் சம்பளத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கில், வட்டி கட்டுவதற்கு முன்பே நஷ்டம் என்றால், கடனைச் சீரமைப்பதால் பயன் இல்லை, தொழிலே ஓடவில்லை. வட்டிக்கு முன் லாபம், வட்டிக்குப் பின் நஷ்டம் என்றால் ஏழாவது, எட்டாவது பதில்களில் சொன்ன வழிகளுக்கு இடமிருக்கிறது. எதுவானாலும், குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்தால்தான் அடுத்த மூன்று மாதம் ஓடும் என்ற நிலை வரும்போது நிறுத்திவிட வேண்டும் என்பது என் கருத்து. ஊர் பேசும்; கடன்காரருக்குத் தீர்த்துவிட்டு மூடியவரைப் பற்றி ஒரு பண்டிகைக் காலம் வரைதான் பேசும்.

மூடுவதற்கு முன், கடையை நடக்கும் நிலையிலேயே யாராவது வாங்குவார்களா என்று பழைய ஊழியரிடமும் போட்டிக் கடைக்காரரிடமும் கேளுங்கள். பெயரும் இடமும் வாடிக்கையும் சேர்ந்து கிடைக்கும் விலை, பூட்டிய பிறகு சரக்கை மட்டும் விற்றால் கிடைக்காது. மூடும்போது கையில் மிஞ்சிய சரக்குக்குரிய வரி வரவைத் திருப்பிக் கட்டி, பதிவு ரத்தான மூன்று மாதத்துக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-10 என்ற இறுதிப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். பேரேடுகளையும் பில்களையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்தந்த ஆண்டின் ஆண்டுப் படிவத்துக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் அவற்றை வைத்திருக்க வேண்டும், வழக்கோ மேல்முறையீடோ நிலுவையில் இருந்தால் அதற்கு மேலும்.